கீமோ முடிந்து இருபது வருடம் கழித்தும் எக்கோ எதற்கு?

புற்றுநோய் குணமாகிப் பல வருடம் ஆனவர்களையும் மருத்துவர்கள் அவ்வப்போது வரச்சொல்கிறார்கள். கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நோயை விரட்டிய மருந்து உடம்பில் என்ன செய்துவிட்டுப் போனது என்பதையும் பார்க்கவேண்டும்.

டாக்ஸோரூபிசினை எடுத்துக்கொள்வோம். சிவப்பு நிறத்தில் நரம்பில் ஏறும் கீமோ மருந்து. டிஎன்ஏ இழையின் முறுக்கை அவிழ்க்க, டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி அதை வெட்டி மறுபடி ஒட்டும். மருந்து அந்த நொதியைப் பிடித்துக்கொள்வதால் வெட்டிய இடம் ஒட்டாமலே நின்றுவிடும், செல் சாகும். பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுநோய் செல்லில் இந்த நொதியின் ஆல்பா வகை நிறைய. சரி, பெருகாத இதயத் தசை ஏன் அடிவாங்குகிறது? அங்கே பீட்டா வகை இருக்கிறது. மருந்து அதையும் விடுவதில்லை. கூடவே செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கெடுகிறது. இதயத் தசை செல்கள் போனால் அநேகமாகப் போனதுதான். மிஞ்சியவை அந்தச் சுமையையும் சேர்த்து வருடக்கணக்கில் இழுக்கும். மூச்சிரைப்பு, கால்வீக்கம் என்று வெளியே தெரிவதற்குள் காலம் கடந்திருக்கும். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ முன்கூட்டியே காட்டிக்கொடுத்தால் மாத்திரைகளை நேரத்தோடு தொடங்கலாம்.

ஆபத்து, வாங்கிய மொத்த அளவைப் பொறுத்தது. சிறுவயதில், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஏறியிருந்தால் அதிக ஆபத்து. மார்பில் கதிர்வீச்சும் சேர்ந்தால் அதைவிடக் குறைந்த அளவுக்கே கவனம் தேவை.

கதிர்வீச்சில் பட்ட இடம்தான் கணக்கு. கழுத்தில் பட்டால் தைராய்டைப் பார்க்கவேண்டும். சிறுவயதில் மார்பில் பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை 25 வயதிலோ, சிகிச்சைக்கு 8 வருடம் கழித்தோ, எது பின்னால் வருகிறதோ அப்போது தொடங்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வாங்கியவர்களுக்குக் காதையும் சிறுநீரகத்தையும் பார்க்கவேண்டும்.

அப்புறம் சோர்வு. தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு இது. 'படுத்து ஓய்வெடு' என்று வீட்டில் அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அளவான உடற்பயிற்சிதான் இதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதையெல்லாம் முடிவுசெய்ய ஒரு தாள் வேண்டும். 'கீமோ 6 சைக்கிள்' என்று மட்டும் இருந்தால் போதாது. மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், கதிர் பட்ட இடம், கதிரின் அளவு (கிரே என்ற அலகில்) எல்லாவற்றையும் சிகிச்சை முடியும்போதே எழுதி வாங்கிவிடவேண்டும். பிற்பாடு பிரஷருக்குப் பார்க்கும் மருத்துவருக்கும் ஒரு நகல் போகட்டும். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவருக்குக் கட்டாயம் தரவேண்டும். கர்ப்பகாலத்தில் இதயத்தின் வேலை வெகுவாகக் கூடும்.