உட்கருவை விட்டு வெளியேறும் ஹிஸ்டோன்கள்

2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 57 வயது நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட பன்றி இதயத்தில் பத்து மரபணுத் திருத்தங்கள் செய்யப்பட்டிருந்தன. நமது எதிர்ப்புரதங்கள் குறிவைக்கும் மூன்று சர்க்கரை மூலக்கூறுகளை நீக்கியதே அன்று பெரிதும் பேசப்பட்டது. ஆனால் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆறு மனித மரபணுக்களுள் ஒன்றான த்ராம்போமாடுலின் அதற்கு இணையான கவனத்துக்கு உரியது என்பேன். உட்கருவை விட்டு இரத்தத்தில் கலக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் சேதத்துக்குத் தடையாக அது உதவுவதே காரணம்.

செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இழை, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளைகளின் மேல், கண்டில் சுற்றிய நூலைப்போல், உருளைக்கு டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 147 கார இணைகள் வீதம் சுற்றப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்டது, லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுந்த ஹிஸ்டோன்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை. உட்கருவுக்குள் இழையைப் பிடித்துவைக்கும் இந்த ஈர்ப்பே வெளியில் ஆபத்தாகிறது. செல் சிதையும்போதோ, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசும்போதோ இரத்தத்தில் கலக்கும் ஹிஸ்டோன்கள், இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் ஒட்டி, அவற்றின் சவ்வைத் துளைக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்து அந்தச் செல்களும் மடிகின்றன. தட்டணுக்கள் திரள, உறைகட்டிகள் உருவாகின்றன, ஆபத்தை உணரும் டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.4 ஆகிய நோயெதிர்ப்பு ஏற்பிகள் வழியாக அழற்சியும் மூள்கிறது.

வேற்றின உறுப்பில் எதிர்ப்புரதங்களும், அவற்றுக்குத் துணைநின்று செல்களை அழிக்கும் நிரப்புப் புரதங்களும் முதலில் தாக்குவது இந்த உட்சுவரைத்தான். மடியும் ஒவ்வொரு செல்லும் மேலும் ஹிஸ்டோன்களைக் கொட்டுவதால் சேதம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. பன்றி உறுப்பு பொருத்தப்பட்ட பபூன் குரங்குகளின் இரத்தத்தில் ஹிஸ்டோன் அளவு உயர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு உடலிலேயே ஒரு தடை உண்டு. உட்சுவரிலுள்ள த்ராம்போமாடுலின், உறைதலைத் தூண்டும் த்ராம்பினைப் பற்றிக்கொண்டு, அதைக் கொண்டே 'புரதம் சி'யைச் செயலூக்குகிறது. செயலூக்கம் பெற்ற புரதம் சி உறைதலை அடக்குவதோடு ஹிஸ்டோன்களையும் வெட்டிச் சிதைக்கிறது என்பதை, தொற்றுக்கு எதிரான உடலின் கட்டுமீறிய எதிர்வினையான செப்சிஸ் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. சிக்கல் என்னவென்றால், பன்றியின் த்ராம்போமாடுலினால் மனிதப் புரதம் சியை மிகக் குறைவாகவே செயலூக்க முடிகிறது. ஹிஸ்டோன்கள் கொட்டும் இடத்திலேயே தடை தளர்ந்துவிடுகிறது. மனித மரபணு தேவைப்பட்டது இதனால்தான்.

பால்டிமோர் நோயாளி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். உடற்கூறாய்வில் இதயம் வீங்கி, எடை கிட்டத்தட்ட இருமடங்காகியிருந்தது. நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிந்திருந்தன. உட்சுவர் சேதமடைந்திருந்தும், முந்தைய பரிசோதனைகளில் அடிக்கடி தென்பட்ட நுண்குழாய் உறைகட்டிகள் அங்கே காணப்படவில்லை. அந்தச் சேதத்தில் எதிர்ப்புரதங்களுக்கும், இதயத்தோடு வந்த பன்றி வைரஸுக்கும் பங்கிருக்கலாம் எனக் கருதப்படுவதால், இந்த ஒரு நோயாளியை வைத்து ஹிஸ்டோன்களின் பங்கைத் தனியே பிரித்தறிய இயலாது.