புலிகள் காப்பகத்தில் கிராம சபையின் உரிமை: எல்லை, இடமாற்றம், நுழைவுக் கட்டணம்

களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை என ஐந்து புலிகள் காப்பகங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இவற்றுக்குள் வாழ்பவர்களைக் கேட்காமலே வனத்துறை எதையும் முடிவு செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-இல் சேர்த்த 38-வி பிரிவும், அதே ஆண்டில் வந்த வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்கு உறுதியான இடம் தந்திருக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு அதிகாரம் இல்லை.

முதலில் எல்லை. கோர் எனப்படும் மையப் பகுதியைச் சுற்றி பஃபர் எனப்படும் வெளிப் பகுதியை வரையறுக்கும்போது, நிபுணர் குழுவோடு சேர்த்து அந்தந்த கிராம சபையிடமும் கருத்துக் கேட்க வேண்டும். இது கருத்துக் கேட்பு மட்டுமே. சபை மறுத்தால் திட்டம் தானாக நின்றுவிடாது. அதனால்தான் "எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்குப் பலம் குறைவு. வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்த சர்வே எண்ணில் பட்டா நிலம் வருகிறது, மாடு மேய்க்கும் இடம் எது, தேன், நெல்லிக்காய் எடுக்கப் போகும் தடம் எது, கோயில் வழி எது என்று இடம் குறித்துத் தீர்மானத்தில் எழுதுங்கள். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தயாரிக்கும்போது மக்களின் விவசாயம், பிழைப்பு, வளர்ச்சி நலன்களை உறுதி செய்வது மாநில அரசின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. குறிப்பிட்டு எழுதிய தீர்மானம் இருந்தால்தான் இதை வைத்து வாதாட முடியும்.

இடமாற்றம் வேறு. இங்கே ஒப்புதல் இல்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. மையப் பகுதியிலிருந்து பழங்குடியினரையோ பிற வனவாசிகளையோ மாற்றுவதற்கு முன் சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வன உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். மக்கள் அங்கே இருப்பதால் புலிக்கும் அதன் வாழிடத்துக்கும் மீட்க முடியாத சேதம் வருகிறது என்றும், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்றும் அரசு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கிராம சபையும் பாதிக்கப்படும் ஒவ்வொருவரும் விவரம் தெரிந்து ஒப்புதல் தர வேண்டும். புதிய இடத்தில் நிலமும் வசதிகளும் தயாராக இருக்க வேண்டும். தாமாக முன்வந்து போகிறோம் என்றாலும் இந்த நிபந்தனைகள் பொருந்தும். "நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே" என்ற பதில் எடுபடாது.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம், நாடு முழுவதும் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் மையப் பகுதிகளில் இருப்பதாகக் கணக்கிட்டு, இடமாற்றத்துக்கு முன்னுரிமை தரச் சொன்னது. ஆகவே இது உடனே கவனிக்க வேண்டிய விஷயம்.

இழப்பீடு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். 2021 வரை 10 லட்சமாக இருந்தது. முழுத்தொகையாக வாங்கலாம், அல்லது வனத்துறையே நிலம், வீடு, வசதிகளோடு குடியமர்த்தும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். குடும்பம் என்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. ரேஷன் கார்டுக்கு ஒரு குடும்பம் என்று கணக்கெடுத்தால் தவறு. ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி 18 வயது தாண்டிய மகன், திருமணமானவரோ ஆகாதவரோ, தனிக் குடும்பம். 18 தாண்டிய திருமணமாகாத மகள், கைம்பெண், விவாகரத்தானவர், எந்த வயதிலும் மாற்றுத்திறனாளி, பெற்றோர் இருவரையும் இழந்த சிறார் ஆகியோரும் தனித்தனிக் குடும்பங்களே. பட்டியல் தயாராகும்போதே பெயர் பெயராகச் சரிபாருங்கள். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

இடமாற்றப் பேச்சு தொடங்கும் முன்பே வன உரிமைச் சட்டப்படி உரிமைக் கோரிக்கையைப் போட்டுவிட வேண்டும். தனிநபருக்குப் படிவம் அ, சமூக உரிமைக்குப் படிவம் ஆ, சமூக வன வளத்துக்குப் படிவம் இ. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் சபைக்கு அதிகாரம் தருவது அதுதான்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் பாருங்கள். பல ஊர்கள் சேர்ந்த ஊராட்சியின் கிராம சபையில், நாற்பது வீடுள்ள செட்டில்மென்டின் குரல் அமுங்கிவிடும். வன உரிமைச் சட்டத்துக்கான சபையைக் குக்கிராம அளவில் கூட்ட வேண்டும் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-லேயே வழிகாட்டியிருக்கிறது. சபையின் வயது வந்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து ஒப்புதலாக மாறிவிடக்கூடாது. தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகு, அதன் கீழேயே கையெழுத்திடுங்கள். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவையுங்கள்.

கடைசியாகப் பணம். 38-எக்ஸ் பிரிவின்படி ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை உண்டு. சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் நுழைவு மற்றும் பிற கட்டணங்களை மறுசுழற்சி செய்து உள்ளூர் மக்களின் மேம்பாட்டுக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் பயன்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. எவ்வளவு வந்தது, எந்த ஊருக்கு என்ன செலவானது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். காப்பகத்தை நிர்வகிக்கும் கள இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "கடந்த மூன்று நிதியாண்டுகளின் வரவு செலவு அறிக்கை, நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகள், ஊர்வாரியான செலவு" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "பணத்தை என்ன செய்தீர்கள்" என்று கேள்வியாக எழுதினால், அப்படியொரு தகவல் பதிவில் இல்லை என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள்.