எவர்சில்வர் துப்பாக்கிக்கும் துரு பிடிக்கும்

சென்ற கோடையில், ஹூஸ்டனில் உள்ள என் துப்பாக்கிப் பழுதுபார்ப்புப் பட்டறைக்கு ஒரு ரிவால்வர் வந்தது. வெளியே பளபளவென்றிருந்தது. ரப்பர் பிடியைக் கழற்றினால், ஊசியால் குத்தியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். நகத்தால் வருடியபோது குழி தட்டுப்பட்டது. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, எப்படித் துரு பிடிக்கும்?” என்றார் உரிமையாளர். எதைக்கொண்டு துடைத்தீர்கள் என்று கேட்டேன். சமையல் மேடைக்கு வாங்கிய பிளீச் கலந்த துடைப்புத் திரவம்!

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பொதுவாக 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். பல கைத்துப்பாக்கிகளில் 416 போன்ற வகை எஃகு பயன்படுகிறது. அதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். கடைசலுக்கு எளிதாக இருக்கக் கந்தகமும் சேர்ப்பார்கள். அதனால் துருவைத் தாங்கும் சக்தி இன்னும் குறைகிறது. இந்த எஃகைக் காப்பது குரோமியம் ஆக்சைடால் ஆன மெல்லிய படலம். பிளீச்சிலும் வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துக் குழி பறிக்கிறது. கால்வெஸ்டன் கரையோரம் வசிப்பவர்களின் துப்பாக்கிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைப்பதும் கெடுதல்தான். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஆகவே, புட்டியின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். பிளீச், குளோரின் என்று கண்டால் கீழே வைத்துவிடுங்கள். துப்பாக்கிக்கென்று விற்கும் கரைப்பான், நல்ல எண்ணெய், நைலான் அல்லது வெண்கலத் தூரிகை, பருத்தித் துணி: இவை போதும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் எஃகில் பதிந்து, அவை துருப்பிடிக்கும்.

வெள்ளையாக மின்னுவதெல்லாம் ஸ்டெயின்லெஸ் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் 1965இல் மாடல் 60 ரிவால்வரைக் கொண்டுவந்த பிறகுதான் ஸ்டெயின்லெஸ் கைத்துப்பாக்கி பரவலாயிற்று. அதற்கு முந்தைய வெள்ளை ரிவால்வர் என்றால் பெரும்பாலும் நிக்கல் முலாம். உற்றுப் பார்த்தால் லேசான மஞ்சள் சாயல் தெரியும். சில முலாம்களுக்கு அடியில் செம்பு இருக்கும். தோட்டா உரசிக் குழலில் படியும் செம்பைக் கரைக்க விற்கும் அம்மோனியாக் கரைப்பான், கீறல் வழியே உள்ளே போய் அந்தச் செம்பையும் தின்றுவிடும். முலாம் செதில் செதிலாக உரியும். தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கி இப்படி உரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அம்மோனியா இல்லாததையே வாங்குங்கள்.

ரிவால்வரில் தோட்டாக்களைச் செருகும் உருளையின் முகப்பில் விழும் கரிய வளையங்களைப் போக்கத்தான் பலரும் தேய்த்துத் தேய்த்து மெருகைக் கெடுக்கிறார்கள். அந்தக் கறை சுடுவதைப் பாதிக்காது, விட்டுவிடுங்கள். ஈயக் கறை எடுக்கும் துணி ஸ்டெயின்லெஸுக்குச் சரிதான், ஆனால் நீலமூட்டிய (ரசாயனத்தால் கருநீல நிறமேற்றிய) உதிரி பாகங்களில் பட்டால் நிறமே போய்விடும்.

தொடங்குமுன் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். துப்பாக்கி காலியா என்று இருமுறை பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை அணியுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். கரியோடு ஈயமும் கையில் ஒட்டியிருக்கும்.

அந்த ரிவால்வரின் குழிகளை என்னால் நிரப்ப முடியவில்லை. துருவை எடுத்து, பிடிக்கு அடியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தேன். வியர்த்த நாளில் பிடியைக் கழற்றித் துடைக்கச் சொல்லி, அதற்கான திருப்புளியையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.