றேடியோ விசரும் டோபமின் கணக்கும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கரையோர ரயில் பாதைக்கும் இடையில் ஓர் ஒழுங்கையும் ஒரு மதிலும்தான். ரயில் போனால் அலுமாரிக்குள் கிளாசுகள் கிணுகிணுக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கதையை நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை காத்திருப்பார்கள். அப்படியொரு வீட்டில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் 4 மணியில் இருந்து இரவு 11 மணிவரை ஒரு ரயில்கூட என் காதில் விழவில்லை. பழைய வால்வு றேடியோ ஒன்றைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். அம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நாலாவது தரம் அறைக்குள்ளேயே வந்து, "காது செவிடே உனக்கு?" என்று கத்தியபோதுதான் திடுக்கிட்டேன். சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்பதும், தொண்டை வறண்டிருப்பதும், ஒரு கால் விறைத்துப்போயிருப்பதும் அந்த நொடியில்தான் தெரிந்தன.

அம்மா கோபத்தில் கேட்டாலும் அது நல்ல கேள்வி. 2015இல் லண்டனில், மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிக்குள் ஆட்களை இருத்தி ஓர் ஆய்வு செய்தார்கள். திரையில் எழுத்துகளைத் தேடும் வேலை ஒன்று. இடையிடையே சின்னச் சின்ன ஒலிகள். தேடல் இலகுவாக இருந்தபோது ஒலிகள் கேட்டன. தேடல் கடினமானபோது பல ஒலிகள் தவறிப்போயின. கவனிக்க வேண்டியது இதுதான்: ஒலியை வாங்கும் மூளைப்பகுதியில் எழும் ஆரம்பத் துலங்கலே அப்போது குறைந்திருந்தது. அதாவது, கேட்டும் கேளாததுபோல இருந்தார்கள் என்றில்லை. பார்ப்பதும் கேட்பதும் ஒரே சேமிப்பில் இருந்து செலவழிக்கின்றன. ஒன்று முழுவதையும் எடுத்துக்கொண்டால் மற்றதற்கு மிச்சமில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள்தான். எல்லோருக்கும் சில நொடிகள் நடப்பது, சிலருக்கு மணிக்கணக்காக நீள்கிறது.

இப்படி ஒரே இருப்பில் மூழ்குவதை ஹைப்பர்ஃபோகஸ் என்கிறார்கள். அதே பொருள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆளைப் பிடித்து வைத்திருந்தால் ஹைப்பர்ஃபிக்ஸேஷன். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: விசர். கிரிக்கெட் விசர், பட விசர், அவனுக்கு இப்ப றேடியோ விசர். பைத்தியத்துக்கும் பிரியத்துக்கும் ஒரே சொல்லை வைத்த பேச்சுவழக்கை நான் குறை சொல்லமாட்டேன். ஏதோ கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று வைத்தியர் சொன்னது 31 வயதில். கவனக்குறைபாடு என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் சிரித்தார்கள். ஏழு மணித்தியாலம் எழும்பாமல் இருக்கிறவனுக்கா கவனம் குறைவு? மனநல வைத்தியர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஏ.டி.எச்.டி.க்கு 18 அறிகுறிகள் இருக்கின்றன. ஹைப்பர்ஃபோகஸ் அவற்றில் ஒன்றல்ல. ஆட்டிசத்துக்கான பட்டியலில்தான் குறுகிய, தீவிரமான ஈடுபாடுகள் வருகின்றன. 2013இல் அந்தக் கையேடு வரும்வரை ஒரே ஆளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்ல விதிமுறையே இடம்கொடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் ஏராளம் என்பது இப்போது தெரிந்த விஷயம்.

சரி, ஒரு பொருள் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? இங்கேதான் டோபமின் வருகிறது, மூளையின் நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி கடத்தும் இரசாயனங்களில் ஒன்று. அதை 'மகிழ்ச்சி இரசாயனம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களை அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்குக்குத் துடித்தன, சாற்றுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழமையைவிடக் கீழே இறங்கியது. இந்த நரம்பணுக்கள் அளப்பது இன்பத்தையல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 1997இல் அதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள்.

இதை என் மேசைக்குக் கொண்டுவருகிறேன். முதல் றேடியோவைத் திறந்தபோது ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு திருகாணியும் ஒரு வியப்பு. மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் பழைய காகிதக் கப்பாசிட்டர்கள் கசியும் என்று கண்டுபிடித்தேன், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதியவை தேடி அலைந்தேன், மாற்றினேன், கரகரவென்று ஏதோ ஒரு நிலையம் பேசியது. ஐந்தாவது றேடியோவுக்கு வரும்போது, மூடியைக் கழற்றுவதற்கு முன்பே எது பழுதென்று சொல்லிவிடுவேன். வித்தியாசம் பூச்சியம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழும்பினேன், றேடியோவைத் தொடவே மனம் வரவில்லை. பாதி கழற்றிய மூன்று இப்போதும் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. சோம்பல், பொறுப்பில்லை, எடுத்த வேலையை முடிக்காத பிள்ளை என்றெல்லாம் சொல்லலாம். எனக்கு அது ஷுல்ட்ஸின் குரங்கும் பழகிப்போன பழச்சாறும்.

2009இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மருந்தே எடுத்திராத ஏ.டி.எச்.டி. உள்ள 53 வளர்ந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. கிடைக்கும் பலனுக்குத் துலங்கும் மூளையின் வெகுமதிப் பாதையில் டோபமின் வேலைசெய்வதைக் காட்டும் அடையாளங்கள், மற்றவர்களைவிட அவர்களிடம் சராசரியாகக் குறைவாக இருந்தன. லைட் பில் கட்டுவது போன்ற சப்பை வேலை, அப்படிப்பட்ட மூளையில் ஆளை எழுப்பும் அளவுக்கு இழுக்காது. புதிய வியப்பு மட்டுமே அந்த வாசலைத் தாண்டும். தாண்டிவிட்டால், அதில் இருந்து விடுபட்டு வேறொன்றுக்குத் திரும்புவது முன்னெற்றிப் பகுதி செய்ய வேண்டிய வேலை. அதுவும் எங்களிடம் தளர்வு. ஆக, தொடங்க முடியாமையும் நிறுத்த முடியாமையும் ஒரே கோளாறின் இரண்டு பக்கங்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். லைட் பில்லுக்கு முன்னால் மூன்று வாரம் சும்மா இருந்தவனும், றேடியோ முன்னால் ஏழு மணித்தியாலம் இருந்தவனும் ஒரே ஆள்தான்.

இங்கே ஒரு விஷயத்தை மாற்றி விளங்கிக்கொள்ளக் கூடாது. இருமுனை நோயில் உற்சாகம் அளவுமீறி ஏறும் மிகையெழுச்சிக் கட்டத்திலும் ஆட்கள் புதுத் திட்டங்களில் மூழ்குவார்கள். ஆனால் அப்போது நித்திரையின் தேவையே குறைந்துவிடும். மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டுத் துள்ளி எழும்புவார்கள். றேடியோவோடு விடியவிடிய இருந்த நான் அடுத்த நாள் செத்த பிணம். ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து துன்புறுத்தும் ஓ.சி.டி. நோயில் வரும் எண்ணங்கள் வேண்டாத விருந்தாளிகள்; இதுவோ நானே கதிரை போட்டு இருத்திய விருந்தாளி. எது எதுவென்று பிரித்துச் சொல்வது வைத்தியரின் வேலை. அங்கொடை என்ற பெயரை நாங்கள் பகிடிக்கும் வசைக்கும் வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவனம், அதன் தொலைபேசி இலக்கம் 1926. சும்மா சந்தேகம் கேட்கவும் எடுக்கலாம்.

ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெதைல்ஃபெனிடேட் என்ற மருந்து, வெளியான டோபமினை நரம்பணு உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. சப்பை வேலையும் கொஞ்சம் இழுக்கத் தொடங்கும். அப்புறம் மிச்சத்தை வீட்டுக்குள்ளேதான் பார்க்க வேண்டும். போன் அலாரம் எனக்குச் சரிவரவில்லை. கை தானாக நிறுத்திவிடும், மூளைக்குச் செய்தியே போகாது. அம்மா இப்போது கூப்பிடுவதில்லை. வந்து தோளில் கை வைக்கிறார். ஒலி நுழைய முடியாத இடத்துக்கு அந்தத் தொடுகை நுழைகிறது. "இன்னும் ஐஞ்சு நிமிசம்" என்றால் போகமாட்டார், நின்றுகொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அடுத்த அடி என்ன என்று ஒரு துண்டில் எழுதிவைத்துவிட்டு எழும்புகிறேன். எழுதாவிட்டால் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் மூளை அந்த வயரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

காசுதான் பெரிய அடி. புது விசர் தொடங்கிய முதல் வாரத்தில் சம்பளத்தில் பாதி போன மாதங்கள் உண்டு. ஆகவே பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வாங்க நினைப்பதை அதில் திகதியோடு எழுத வேண்டும், மூன்று நாளைக்கு வாங்கக் கூடாது. பெரும்பாலானவை தாங்களாகவே செத்துவிடுகின்றன. அவற்றை அம்மா சிவப்புப் பேனையால் வெட்டுகிறார், கொஞ்சம் சந்தோசமாகவே. இப்போது வெட்டாமல் நிற்பது ஒன்றே ஒன்று: மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப், பழசு என்றாலும் பரவாயில்லை. எழுதிப் பத்தொன்பது நாளாகிறது.