லெவலிங் கிட்: சமநிலை அல்ல, மட்டம்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் தமிழர்கள், வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்துக்கு நேராக்கும் லெவலிங் கிட் வாங்கப் போனால் ‘இடைநீக்க சமநிலைக் கருவி’ என்றொரு தமிழ் எதிரே வந்து நிற்கிறது. வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான ‘சஸ்பென்ஷன்’தான் இப்படி இடைநீக்கம் ஆகியிருக்கிறது. இடைநீக்கம் என்பது விசாரணை நடக்கும்போது ஊழியரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. வண்டியின் ஸ்பிரிங்குக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது படிக்கும் எவருக்கும் உடனே தெரிந்துவிடும். அதனால் அந்தப் பிழையில் கெடுதல் குறைவு. என் சண்டை அடுத்த சொல்லோடுதான். ‘சமநிலை’ நல்ல தமிழ்போல ஒலிப்பதால் கவனமாக எழுதுகிறவர்களும் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது தவறு, வாங்குகிறவரின் பணத்துக்கும் கேடு.

முதலில் பிறப்பைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘லிப்ரா’ என்றால் தராசு. அதன் சிறு வடிவம் ‘லிபெல்லா’. கட்டடக்காரர்கள் மட்டம் பார்க்கும் கருவிக்கும் அதே பெயர். பழைய பிரெஞ்சு வழியாக வந்து அது ‘லெவல்’ ஆனது. ‘கிட்’ டச்சு மொழியின் மரப் பாத்திரம். பிறகு சிப்பாய் சுமக்கும் சாமான், அப்புறம் எந்தச் சாமான் தொகுப்பும். ‘சஸ்பென்ஷன்’ தொங்கவிடுதல், குதிரை வண்டியின் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்ட காலத்தை நினைவூட்டும் சொல். இன்று வண்டி எதிலும் தொங்கவில்லை, ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ‘தொங்கல் அமைப்பு’ என்று எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. பட்டறையில் எல்லாரும் சொல்லும் சஸ்பென்ஷனே இருக்கட்டும்.

தராசுதானே மூலம், அப்படியானால் சமநிலை சரிதானே என்று கேட்பார்கள். வேர்ச்சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, இந்தப் பொருள் என்ன செய்கிறது என்பது வேறொன்று. சமநிலை எடையையும் விசையையும் பற்றிய சொல். இரண்டு பக்கமும் ஒத்த பாரம் இருந்தால் சமநிலை. லெவலிங் கிட் எந்த எடையையும் ஒப்பாக்குவதில்லை. அது உயரத்தை மட்டும் மாற்றுகிறது, அதுவும் முன்பக்கத்தில் மட்டும்.

எஃப்-150, சில்வராடோ, ராம், டகோமா எதுவானாலும், வெறும் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கம் ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம்வரை தூக்கலாக இருக்கும். தொழிற்சாலை இதைத் தெரிந்தேதான் செய்கிறது. பின்னால் இருக்கும் திறந்த தொட்டியில் பாரம் ஏற்றினாலோ டிரெய்லரை மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும். அமுங்கினபின் வண்டி நேராக நிற்கவேண்டும். அந்தத் தூக்கலை எடுத்துவிட்டு, பாரம் இல்லாதபோதே வண்டி நேராகத் தெரியும்படி முன்பக்கத்தை, பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு தட்டு வைத்து, ஏற்றுவதே இந்தக் கிட்டின் வேலை. அழகுக்காகவும் கொஞ்சம் பெரிய டயர் போடவும் இதைச் செய்கிறார்கள்.

இதற்குச் ‘சமநிலை’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? பாரம் ஏற்றினாலும் வண்டி நேராக நிற்கும் என்றுதான் நினைப்பார். நடப்பதோ நேர் எதிர். கிட் போட்டபின் அதே பாரத்தை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே போகும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் படகு இழுப்பதற்காகவே இதை வாங்கினார், அந்த ஒரு சொல்லை நம்பி. அவருக்குத் தேவைப்பட்டது பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை. பாரத்துக்கு ஏற்பத் தானாக உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பும் இருக்கிறது. ராம் 1500-இல் நான்கு சக்கரத்துக்கும் காற்று சஸ்பென்ஷன் 2013 மாடலிலிருந்து கிடைக்கிறது. அதற்குச் சமநிலை என்று எழுதினால்கூட நான் பேசாமல் இருப்பேன்.

சரியான சொல் எங்கேயும் தேடிப்போக வேண்டியதில்லை, கொத்தனார் வாயில் இருக்கிறது. சுவர் வரிசை நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்: அது மட்டம். மொட்டைமாடியில் தண்ணீர் வடிய வேண்டுமென்றே ஒரு பக்கம் சரிவாகத் தளம் போடுவார்: அது வாட்டம். டிரக்கின் பின்தூக்கலுக்கு ஆங்கிலத்தில் ‘ரேக்’ என்கிறார்கள். அதைக் ‘குப்பைவாரி’ என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. ஒரு காரணத்துக்காக வேண்டுமென்றே விட்ட சரிவைச் சொல்ல ‘வாட்டம்’ என்ற சொல் கையில் இருக்கும்போது, அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைப்பது என்ன மொழிபெயர்ப்பு? வாட்டத்தைப் போக்கி மட்டம் ஆக்குவது லெவலிங். ஆகவே ‘முன்மட்டத் தொகுப்பு’ என்பேன்.

மட்டம் என்றால் தாழ்ந்தது என்றும் பொருள் வருமே என்பது ஒரு மறுப்பு. நீர்மட்டம் என்று படிக்கும்போது யாரும் மட்டமான தண்ணீர் என்று புரிந்துகொள்வதில்லை. ‘நிரவல்’ தூய தமிழ் என்று இன்னொரு கட்சி. நல்ல சொல்தான், ஆனால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவது நிரவல். ஆசிரியர் பணி நிரவலிலும் அதே பொருள்தான். இங்கே பின்பக்கத்தில் யாரும் கைவைப்பதில்லை. முன், பின் இரண்டையும் உயர்த்தும் லிஃப்ட் கிட் வேறு சரக்கு. அதை ‘முழு உயர்த்தல் தொகுப்பு’ என்று பிரித்துச் சொல்லாவிட்டால் இரண்டும் குழம்பிப்போகும்.

இந்தக் குழப்பத்தில் ஆபத்தான இடமும் உண்டு. ‘2 அங்குல லெவலிங் கிட்’ என்பதை ‘2 அங்குலத் தடிமனுள்ள தட்டு’ என்று எழுதுகிறார்கள். இரண்டு அங்குலம் வண்டி ஏறும் உயரம், தட்டின் தடிமன் அல்ல. முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள டிரக்குகளில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கியும் சேர்ந்த தூண்), கீழ்க்கையின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கம்பியின்) நடுப்பகுதியில் பிடித்திருக்கிறது. சக்கரம் அந்தக் கையின் நுனியில் இருக்கிறது. அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் ஓர் அங்குலத் தட்டு வைத்தால் சக்கரத்தருகே ஏறக்குறைய இரண்டு அங்குலம் ஏறும். ராம் 2500 போல இரு முன் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே திட அச்சு உள்ளவற்றில்தான் ஸ்பிரிங் தட்டின் தடிமனும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று.

வாங்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவுக்கு நேர்மேலே மட்கார்டு விளிம்புவரை தரையிலிருந்து முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் வாட்டம். அடிக்கடி பாரம் இழுப்பவர் முழுவதையும் எடுக்காமல் அரை அங்குலமாவது விட்டுவைக்கலாம். மாட்டியபின் வீல் அலைன்மெண்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விளக்கின் கோணமும் சரிசெய்தாக வேண்டும். ‘அலைன்மெண்ட்’டையும் ‘சமநிலை’ என்றே எழுதியிருப்பதைப் பார்க்கிறேன், வீல் பேலன்சிங்குக்கும் அதே சொல். பட்டறையில் லெவலிங், அலைன்மெண்ட், பேலன்சிங் மூன்றும் வேறு வேறு வேலை, வேறு வேறு கூலி.