பாதி உறைந்த உலோகம் வழியும் விதம்

திருக்கடலூரில் வள்ளத்து எஞ்சின் ஒன்றின் உடைந்த அலுமினியத் தாங்கியை வெல்டிங் செய்தபோது அருகில் நின்று பார்த்தேன். உருகிய இடம் அமைதியாகச் சேராமல் கொதிக்கும் கஞ்சியைப் போலக் குமிழியிட்டது. உடைவாயை உற்று நோக்கினால் குண்டூசி முனையளவான துளைகள் தெரிந்தன. அவை வார்க்கும்போதே உள்ளே அகப்பட்ட காற்றின் தடங்கள். உயர் அழுத்த வார்ப்பில் உருகிய உலோகம் நொடியின் சிறு பகுதிக்குள் அச்சினுள் பீச்சப்படுவதால், அது சிதறிப் பாய்ந்து காற்றையும் தன்னோடு சுருட்டிக்கொள்கிறது. போதாததற்கு, உறையும்போது அலுமினியத்தின் கனவளவு ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்குகிறது.

நீரைப் போல ஓடும் உருகலுக்குப் பதிலாகத் தேனைப் போன்ற தடித்த திரவத்தைச் செலுத்தினால் சிதறல் இராது. உலோகத்தை அவ்வாறு தடிக்கச் செய்யும் வழி, அதைப் பாதி உறைய விடுவதுதான். தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் ஒரே வெப்பநிலையில் உறைந்துவிடும். ஆனால் 7 சதவீதம் சிலிக்கன் கலந்த கலப்புலோகம் சுமார் 615 பாகையில் உறையத் தொடங்கி, ஏறத்தாழ 575 பாகைக்கு வந்த பின்னரே முழுவதும் திண்மமாகிறது. இடைப்பட்ட வெப்பநிலைகளில் திரவத்தினுள் படிகங்கள் மிதக்கின்றன.

சிக்கல் அந்தப் படிகங்களின் வடிவில் இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கிளைத்த பவளத் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவற்றை ஒரு கூடையில் நிரப்பிச் சாய்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கிளையோடு கிளை கோத்து நிற்கும். அதே கூடையில் உருண்டைக் கூழாங்கற்கள் இருந்தால் சரசரவென்று கொட்டும். இயல்பாக உறையும் உலோகத்தின் படிகங்களும் அப்பவளத்தைப் போலவே கிளைவிடுவதால், ஐந்தில் ஒரு பங்கு உறைந்த உடனேயே கலவை இறுகத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பேராசிரியர் மேர்ட்டன் பிளெமிங்ஸின் மாணவர் டேவிட் ஸ்பென்சர், உறையும் வார்ப்பில் வெடிப்பு விழுவது ஏன் என்று அறிவதற்காக வெள்ளீயமும் 15 சதவீதம் காரீயமும் கலந்த உருகலை இரு உருளைகளுக்கிடையே வைத்துச் சுழற்றினார். உருகிய நிலையிலிருந்தே இடைவிடாது கலக்கிக்கொண்டு குளிர்வித்தபோது, நூற்றுக்கு நாற்பது பங்கு உறைந்த பின்னும் அது கனத்த எண்ணெயைப் போல வழிந்தது. 1972இல் வெளியான இந்த முடிவு, தேடியதற்கு வெளியே கிட்டிய ஒன்று என்பதே என்னை மிகவும் ஈர்க்கிறது. கலக்கும்போது வெப்பம் எங்கும் ஒரே சீராகப் பரவி, எண்ணற்ற சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. நீண்ட கிளைகளுக்கு இடமில்லாமற்போக, அவை உருண்டு திரண்டு கூழாங்கற்களாகின்றன.

உருண்ட படிகங்களைக் கொண்ட இக்கலவைக்கு இன்னொரு குணமும் உண்டு. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாது. அகப்பையால் கிளறினால் இளகி ஓடும். அவ்வாறே பாதி உறைந்த அலுமினியக் கட்டி தன் வடிவம் கெடாமல் நிற்கும், கத்தியால் வெட்டவும் இடங்கொடுக்கும், அழுத்தினால் அச்சினுள் வழியும். ஆனால் தயிரைப் போலன்றி, ஓய்வாக விட்டால் மீண்டும் இறுகிவிடும்.

உருகலைக் குளிர்வித்துக் கூழாக்கி உடனே வார்ப்பது ரியோ வார்ப்பு; உருண்ட படிகங்களோடு முன்பே உறைந்த கட்டியை மீளச் சூடாக்கிப் பாதி இளகச் செய்து அச்சினுள் அழுத்துவது திக்சோ வார்ப்பு. இரண்டிலும் காற்று அகப்படுவது குறைவு. ஒரு பகுதி முன்னரே உறைந்திருப்பதால் சுருக்கமும் குறைவு. ஆகவே வார்த்த பொருளை 540 பாகையளவில் வெப்பப் பதப்படுத்தி வலுவூட்டினாலும், உள்ளிருக்கும் காற்று விரிந்து அதன் மேற்பரப்பில் கொப்புளம் எழுவதில்லை.

இத்தனை இருந்தும் அந்த எஞ்சின் தாங்கி பழைய முறையில் வார்க்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. சில பாகை வெப்பம் கூடினால் கட்டி சரிந்து ஒழுகும், குறைந்தால் அச்சு நிரம்பாது. அந்தக் குறுகிய எல்லைக்குள் ஒவ்வொரு கட்டியையும் நிறுத்தும் செலவைச் சாதாரண உதிரிப்பாகத்தின் விலை தாங்குவதில்லை.