"சரிவராது" என்பவரும் "எல்லாரும் கள்ளர்" என்பவரும்

கொழும்பில் என் உளவளத்துணை அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இரண்டு. ஒன்று, "சரிவராது மிஸ்." மற்றது, "எல்லாரும் கள்ளர் மிஸ்." கூட்டிவரும் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். "இவருக்கு எதிலயும் நம்பிக்கையில்ல" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். நாமும் இரண்டையும் அவநம்பிக்கை என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். ஆனால் முதலாமவருக்குப் பலிக்கும் பேச்சு இரண்டாமவரிடம் எடுபடாது.

2022 காஸ் தட்டுப்பாட்டின்போது வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை முகப்பில் நானும் வெறும் சிலிண்டரோடு நின்றேன். சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து வரிசையாக வைத்துவிட்டு, ஆட்கள் மதிலோர நிழலில் இருந்தார்கள். எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர். "இண்டைக்கும் லொறி வராது பிள்ளை" என்று விடிய ஆறு மணிக்கே சொல்லிவிட்டார். சொன்னவர் குடை, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல் எல்லாம் கொண்டுதான் வந்திருந்தார். கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம், "நீங்கள் வீட்டை போங்கோ, லொறி வந்தால் போன் பண்ணுறன்" என்று நம்பரை வாங்கிக்கொண்டு, அவளுடைய சிலிண்டரைத் தன்னுடையதன் பக்கத்தில் இழுத்து வைத்தார். பின்னால் நின்ற இன்னொருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "லொறி எப்பவோ வந்திட்டுது. பின்பக்கத்தால தங்கட ஆக்களுக்குக் குடுத்திட்டாங்கள். இவரும் அவங்கட ஆள்தான், எத்தினை சிலிண்டர் வச்சிருக்கிறார் பாருங்கோ."

அன்று லொறி வரவில்லை. ஐயாவுக்குச் சந்தேகம் லொறி மேல். மற்றவருக்குச் சந்தேகம் ஐயா மேல்.

நடக்கப்போவது நல்லதாக இராது என்று எதிர்பார்ப்பது ஒரு மனநிலை. மனிதர் எதைச் செய்தாலும் சுயநலத்துக்கே செய்கிறார் என்று முடிவுகட்டுவது வேறொரு மனநிலை. முதலாவது எப்போதும் கெடுதலானதல்ல. ஜூலி நோரெம், நான்சி கேன்டர் என்ற உளவியலாளர்கள் 1986இல் எழுதிய ஆய்வில் அதன் ஒரு வகையைத் தற்காப்பு அவநம்பிக்கை என்றார்கள். பிழைக்கக்கூடியதை எல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப ஆயத்தமாகும் பழக்கம் அது. அப்படிப்பட்டவரிடம் போய் "நல்லதையே நினையுங்கோ" என்று சொல்வது அவருடைய குடையைப் பிடுங்குவதற்குச் சமன். "சரி, பிழைச்சால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டால் போதும், மளமளவென்று திட்டம் சொல்வார்.

அந்தச் "சரிவராது", "என்னால இனி ஒருநாளும் ஒண்டும் சரிவராது" என்று மாறினால் மட்டும் கவனியுங்கள். தன்னையும் உலகத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்து இருட்டாகப் பார்ப்பதை மனச்சோர்வின் அடையாளமாக மனநல மருத்துவர் ஆரன் பெக் விளக்கினார். கூடவே நித்திரையும் சாப்பாடும் குறைந்தால் பொறுத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

எனக்கு அதிகக் கவலை தருபவர் இரண்டாமவர். புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சொந்தக்காரர் ஒருவர் பிடித்த சீட்டில் பெருந்தொகையை இழந்தவர். அது நடந்த நாளிலிருந்து கோயில் நிர்வாகம் கள்ளர், பிள்ளையின் ரியூஷன் மாஸ்டர் கள்ளர், மைத்துனன் சுகம் விசாரித்தாலும் அதற்குள் ஒரு கணக்கு. பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டேன். "டொக்டருக்குக் கொமிஷன் மிஸ்." ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னதற்கும் அதே பதில். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக எடுக்கலாமே என்றால், "அங்க மெசின் வேலை செய்யாதெண்டு சொல்லி வெளிய அனுப்புவாங்கள்."

இங்கேதான் இது ஆபத்தாகிறது. சரிவராது என்பவர் முணுமுணுத்துக்கொண்டாவது குளிசையைப் போடுவார். எல்லாரும் கள்ளர் என்பவர் உதவிக்கு வரும் கையையே தட்டிவிடுகிறார். இந்த மனப்பாங்கை அளக்க வழங்கும் குக்–மெட்லி அளவுகோல் 1954இல் ஆசிரியர்–மாணவர் உறவை மதிப்பிடத்தான் உருவானது; பிற்காலத்தில் இதயநோய் ஆய்வுகளில்தான் பெயர் பெற்றது.

அதோடு, இது புத்திசாலித்தனத்தின் வேடம் போட்டு வருகிறது. யாரையும் நம்பாதவனை விவரமானவன் என்கிறோம், நம்புகிறவனை அப்பாவி என்கிறோம். ஸ்டாவ்ரோவா, ஏலெப்ராக்ட் என்ற இருவர் 30 நாடுகளின் தரவுகளை வைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரை இப்படிச் சந்தேகிப்பவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பொதுவாகப் பின்தங்கியே இருந்தார்கள்.

ஆனாலும் இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நிறைய நம்பி, நன்றாக அடிபட்டவர்கள் இவர்கள். இந்த ஊரில் நம் சனத்துக்கு அடிபட்ட கதைக்கா பஞ்சம்? அதனால் "எல்லாரும் நல்லவர்" என்று நான் வாதாடுவதில்லை. வாதாடினால், இவளுக்கு என்ன லாபம் என்ற கேள்விதான் அவர் மனதில் எழும். ஆட்களைப் பெயர் பெயராகக் கேட்பேன். யார் ஏமாற்றினார், எப்போது, எவ்வளவு?

இரும்புக்கடைக்காரரிடம் ஒரு சி.ஆர். கொப்பி கொடுத்தேன். ஏமாற்றியவர்களை ஒரு பக்கத்திலும், ஏமாற்றச் சந்தர்ப்பம் இருந்தும் ஏமாற்றாதவர்களை மறுபக்கத்திலும் எழுதச் சொன்னேன். முதல் பக்கத்தில் மூன்று பெயர், கோபத்தோடு அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது. மறுபக்கம் இரண்டு கிழமை வெறுமையாகவே இருந்தது. மூன்றாம் கிழமை ஒரே ஒரு பெயரோடு வந்தார். கடையில் நிற்கும் பதுளைப் பெடியன்.

"ஒன்பது வருசமா கடைத் திறப்பு அவனிட்டத்தான் இருக்கு மிஸ்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. போகும்போது, ஈ.சி.ஜி. எடுக்கக் காலையில் எத்தனை மணிக்குப் போய் நம்பர் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.